கன்னியம்மாவின் விரல்கள்

போன வாரம் ரம்யா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த நர்ஸ் அவள். இத்தனை வருஷம் காகிதத்தில் இருந்த நோயாளிப் படிவத்தை இப்போது மொபைலில் ஏற்றிவிட்டார்களாம்.

"அக்கா, ஒரே ரோதனையா இருக்குதுக்கா. ஸ்பிரிச்சுவல்னு ஒரு பேஜ் இருக்குது இல்ல, அதுல மூணு கேள்வி. பேஷன்ட் மூணுத்துக்கும் ஒண்ணுமில்லைன்றாரு. எதையாவது டிக் பண்ணாம அடுத்த பேஜ் போவ மாட்டேங்குது. 'இல்லை'ன்னு போட்டுடவா?"

"போடாதே!" என்றேன். நான் போட்ட சத்தத்தில் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். ரம்யா ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமாக அது இல்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் நர்சிங் படித்த கதையை நீட்டப் போவதில்லை. ஹாஸ்டலில் உப்புமா, வார்டில் வசவு, மூன்று வருஷம் ஓடிப்போயிற்று. அப்புறம் ஆஸ்பத்திரியில் பல வருஷம். கடைசிப் பதினொரு வருஷம்தான் எனக்கு வேலை என்றால் என்னவென்று தெரிந்த காலம். இனி குணமாகாது என்று ஆஸ்பத்திரிகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்களை, அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து, வலி தெரியாமல் வைத்துக்கொள்கிற அமைப்பு அது. ஒரு பழைய வேன், ஒரு டாக்டர், மூன்று நர்சுகள். எங்களுக்கு மேலே நூர்ஜஹான் சிஸ்டர்.

சிஸ்டர் இந்தக் காஞ்சிபுரத்துக்காரர். வீட்டில் உருது, வெளியே நம் தமிழ். எங்களை எல்லாம் 'பேட்டி' என்றுதான் கூப்பிடுவார், மகளே என்று அர்த்தம். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடிவிடும். 'நீங்க' என்பார், 'மேடம்' என்பார். சிஸ்டர் வாயால் மேடம் பட்டம் வாங்குவதைவிட நாலு அறை வாங்கலாம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு அவர் வைத்திருந்த முறை மாறவே மாறாது. செருப்பைக் கழற்றி, வாசலைப் பார்த்தபடி திருப்பி வைப்பார். கை கழுவுவார். நோயாளி கட்டிலில் இருந்தால் இவர் தரையில் உட்காருவார். தரையில் பாயில் இருந்தால் இவரும் தரையில், இன்னும் கொஞ்சம் குனிந்து. பையைத் திறக்க மாட்டார், பி.பி. பார்க்க மாட்டார், வாயைத் திறக்க மாட்டார். ஐந்து நிமிஷம் அப்படியே. முதலில் பார்ப்பது நோயாளியின் கைகளை, முகம் அப்புறம்தான். ஏன் சிஸ்டர் என்று ஒருமுறை கேட்டேன். "மூஞ்ச பாத்தா அவங்களும் நம்ம மூஞ்ச பாப்பாங்க பேட்டி. நம்ம மூஞ்சில என்னா இருக்குதுன்னு நமக்குத் தெரியுமா?" என்றார். எனக்கு அந்த ஐந்து நிமிஷம் சோம்பேறித்தனமாகத்தான் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஏழு வீடு பார்க்க வேண்டியிருந்தால் யாருக்குத்தான் அப்படித் தெரியாது?

அந்தப் படிவத்தின் மூன்று கேள்விகள் காகிதக் காலத்திலும் இருந்தன. நம்பிக்கை உண்டா? என்ன வழக்கம்? வாழ்க்கைக்குப் பொருள் தருவது எது? நம்பிக்கை விஷயத்தில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அதற்குக் காரணம் சின்ன காஞ்சிபுரத்தில் நடந்த ஒரு கூத்து.

அங்கே ஒரு வைணவப் பெரியவர். பேச்சு நின்று நாலு நாள். வழக்கமாக அவர் மனைவிதான் நெற்றியில் நாமம் போட்டுவிடுவார், அன்றைக்கு அம்மாளுக்குக் கை நடுக்கம். "நீங்களே போட்டுடுங்கோளேன்" என்றார். நான் ரோமன் கத்தோலிக்கச்சி, நாமத்தைக் கண்டேனா! தெருவில் பார்த்த ஞாபகத்தில் இரண்டு கோடு இழுத்து, அழகாக இருக்கட்டும் என்று கீழே மூக்கின் மேல் ஒரு பாதமும் வைத்தேன். குச்சி மூக்கில் பட்டதுதான் தாமதம், நாலு நாளாகப் பேசாத மனுஷர் கண்ணைத் திறந்து, "அழி" என்றார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பாதம் வெச்சுட்டேளேம்மா, அது எதிராத்துக்காரா போட்டுக்கறதாச்சே!" வடகலைக்குப் பாதம் கிடையாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அழித்துவிட்டு, அவர் போகும்வரை பாதமில்லாமல் சரியாகப் போட்டுவிட்டேன்.

அதோடு எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. யாருக்கு என்ன நம்பிக்கை என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன் என்று இருந்தேன். நெற்றியில் தெரியும், சுவரில் தெரியும், கழுத்தில் தெரியும். ஒன்றும் தெரியாதவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர்களுக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்வேன்.

அந்த நினைப்போடுதான் நெசவுக்காரர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் கன்னியம்மா வீட்டுக்குள் நுழைந்தேன். அவருடைய தம்பி ஏழுமலையின் வீடு அது. கன்னியம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். புருஷன் எப்போதோ போய்விட்டார், பிள்ளை இல்லை. அதுவரை தனியாக இருந்தவர், வயிற்றில் புற்று என்று தெரிந்து, ஆஸ்பத்திரி கைவிட்ட பிறகுதான் தம்பி வீட்டுக்கு வந்தார். ஏழுமலைக்கு வெளியூர் கம்பெனியில் ஷிப்டு வேலை. தம்பி மனைவி செல்வி திருப்புட்குழிப் பக்கம், விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் தறி கிடையாது. இதையெல்லாம் அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

முதல் தடவை போனபோது கன்னியம்மா நடமாட்டத்தோடு இருந்தார். என்னை உட்காரவைத்துத் தானே காபி போட்டு எடுத்து வந்தார். இரண்டு டம்ளரும் ஒரே மாதிரி. எங்கள் ஜனங்கள் எந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் தொட்ட செம்பைத் தனியாக எடுத்து வைத்துக் கழுவிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன், பார்க்காதது போலவும் இருந்திருக்கிறேன். கன்னியம்மா எனக்குக் கொடுத்த டம்ளர் கொஞ்சம் வழிந்தது. அதை வாங்கித் தான் வைத்துக்கொண்டு, தன்னுடையதை என்னிடம் கொடுத்தார். அப்புறம் நான் படிவத்தை எடுத்தேன்.

"சாமி நம்பிக்கை உண்டாம்மா?"

"இல்ல."

"கோயிலுக்குப் போற வழக்கம்?"

"இந்த ஊர்ல எங்க திரும்புனாலும் கோயிலுதான் இருக்குது. தேரு வந்தா ஓரமா நின்னு வழி உடுவேன்."

"கும்பிடுவீங்களா?"

"வழி உடுவேன்னு சொன்னேன்மா."

"சரி. மனசுக்குத் தெம்பா இருக்கிறது எது? வாழ்க்கைக்கு அர்த்தம்னு எதைச் சொல்வீங்க?"

கன்னியம்மா ரொம்ப நேரம் யோசித்தார். "காபி" என்றார். பிறகு, "சிக்கரி கம்மியா இருக்கணும்" என்றார்.

நம்பிக்கை: இல்லை. வழக்கம்: இல்லை. பொருள் தருவது: காபி. அப்படியே எழுதினேன். தொழில் என்ற கட்டம் மேலே இருந்தது. அதில் கேட்காமலே 'நெசவு' என்று எழுதினேன். பிள்ளையார்பாளையத்தில் அந்தக் கட்டத்தில் நெசவு என்று எழுதுவது எனக்குக் கை பழகிப் போயிருந்தது. வீட்டுக்கு வந்து காபி கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பாவப்பட்டு வேண்டியும் கொண்டேன்.

இரண்டு மாதத்தில் கன்னியம்மா படுத்த படுக்கையானார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை நன்றாகவே கேட்டது. பேச்சு குறைந்தது, சாப்பாடு நின்றது. இன்னும் ஒரு வாரம் பத்து நாள் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை நான் போனபோது செல்வி வாசலிலேயே நின்றாள்.

"ரெண்டு நாளா கையை வெச்சுக்கினு சும்மா இல்ல சிஸ்டர். போத்துன துண்டைப் புடிச்சு புடிச்சு பிச்சிக்கினே இருக்குது. வாய் வேற எதையோ முணுமுணுக்குது. பாக்கவே பயமா இருக்குது."

உள்ளே போய்ப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. மார்பு மேல் கிடந்த துண்டின் ஓரத்தை இரண்டு கையும் பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் உருட்டிக்கொண்டிருந்தன. கூப்பிட்டால் திரும்பவில்லை.

சாகும் தறுவாயில் உடம்பு அமைதியிழந்து துணியைப் பிடுங்குவது எங்களுக்குப் பாடத்திலேயே உண்டு. உடனே மருந்து போட்டுவிடக் கூடாது, முதலில் காரணம் தேட வேண்டும். தேடினேன். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், சிறுநீர் தேங்கவில்லை. மலச்சிக்கல் இல்லை. காய்ச்சல் இல்லை. மூச்சுத் திணறல் இல்லை. முதுகில் புண் இல்லை. அமுக்கிப் பார்த்தபோது வலியில் முகம் சுளிக்கவும் இல்லை. ஒன்றுவிடாமல் பார்த்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். டாக்டருக்குப் போன் பண்ணி, "விரல் துணியைப் பிடுங்குது டாக்டர், வேற காரணம் எதுவும் இல்லை" என்றேன். அமைதிப்படுத்தும் ஊசியைத் தோலுக்கடியில் காலையும் மாலையும் போடச் சொன்னார். டாக்டர் மேல் தப்பில்லை. நான் பார்த்ததைத்தான் அவர் கேட்டார்.

அரை மணி நேரத்தில் விரல்கள் நின்றன. செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் நிம்மதியாத் தூங்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல வேலை செய்த திருப்தியோடு வேனில் ஏறினேன்.

புதன்கிழமை சிஸ்டரின் முறை. நானும் கூடப் போனேன். செருப்பைத் திருப்பி வைத்தார், கை கழுவினார், பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் சுவரில் சாய்ந்து நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மாவின் கைகள் இரண்டும் துண்டின் மேல் அசையாமல் கிடந்தன. சிஸ்டர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தக் கைகளின் கீழே கிடந்த துண்டின் ஓரத்தை மெதுவாக இழுத்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

"இங்க வாங்க மேடம்" என்றார்.

போய் உட்கார்ந்தேன்.

சாதாரணப் பருத்தித் துண்டு. ஓரத்தில் குஞ்சம் போல நூல்கள் தொங்குமே, அந்த நூல்கள்தான். இரண்டு இரண்டு நூலாகச் சேர்த்து முறுக்கப்பட்டிருந்தன. முடிச்சு இல்லை, வெறும் முறுக்கு. முதல் நூலும் இரண்டாவதும், மூன்றாவதும் நாலாவதும், இடையில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எல்லா முறுக்கும் ஒரே நீளம். இழுத்துப் பார்த்தேன், பிரியவில்லை. துண்டின் முக்கால் அகலம் வரைக்கும் அப்படியே வந்து, ஒரு இடத்தில் நின்றிருந்தது. அதற்கு அப்பால் நூல்கள் தனித்தனியாகத் தொங்கின.

ஏன் அங்கே நின்றது என்று சிஸ்டர் கேட்கவில்லை. என் ஊசி வேலை செய்த இடம் அது.

"பிச்சிக்கினு இருந்ததுன்னு எழுதியிருக்கீங்க மேடம்" என்றார் சிஸ்டர். "பிக்கிற கை இவ்ளோ ஒழுங்கா இருக்குமா?"

ஏழுமலைக்கு அங்கிருந்தே போன் போட்டார். உங்கள் அக்கா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது. "பாவு புணைக்கிறது மேடம். பாளையம் பூரா அக்காதான புணைச்சுது. எதுக்குக் கேக்குறீங்க?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்கள்தான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்துபோனால், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் ஒன்றாக வைத்து ஒரு உருட்டு. முடிச்சுப் போட்டால் தறியில் சீப்பு மாதிரி இருக்கிற அச்சில் சிக்கும், அதனால் முறுக்கு மட்டும்தான். ஒரு பாவுக்கு நாலைந்தாயிரம் இழை. ஒரு இழை விட்டுப்போனால் புடவை முழுக்கக் கோடு விழும். இதைத்தான் புணைப்பது என்பார்கள், அதற்கென்றே வீடு வீடாகப் போகிற பெண்கள் உண்டு. கன்னியம்மா நாற்பது வருஷம் அதைச் செய்தவர். நான் 'நெசவு' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனவள்.

சிஸ்டர் டாக்டரிடம் பேசி ஊசியை நிறுத்தினார். மார்ஃபின் தொடரட்டும், தூக்க மருந்து மட்டும் வேண்டாம். செல்விக்கு அது பிடிக்கவில்லை. "எழுந்து மறுபடி அவஸ்தப்பட்டா யாரு பாக்கிறது?" என்று அழுதாள். அவள் கேட்டதும் நியாயம்தான். எனக்கு அதைவிடப் பெரிய பயம் இருந்தது. கன்னியம்மாவுக்கு மிஞ்சியிருந்தது இரண்டு மூன்று நாள். உள்ளே போன மருந்து தெளிவதற்குள் மூச்சு நின்றுவிட்டால்? ஒருத்தி தன் கடைசி வேலையைச் செய்துகொண்டிருந்தபோது நான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன் என்று ஆகிவிடும்.

அன்று மாலை வீட்டில் ஜெபமாலையை எடுத்தேன். சின்ன வயதிலிருந்து உருட்டுகிற மணிகள். இரண்டாவது மணியிலேயே விரல் நின்றுவிட்டது. அதுவரை என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டிக்கொண்டிருந்தன, வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நாளைக்கு நான் படுத்துவிட்டு, கையில் மாலை இல்லாமல் இதே விரல் இப்படி அசைந்தால், யாரோ ஒரு நர்ஸ் அவசரமாக வந்து பார்த்துவிட்டு ஊசி போடுவாள். அன்றைக்கு மன்னிப்பு கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை, கன்னியம்மாவிடம் கேட்டதாகத்தான் ஞாபகம்.

வியாழக்கிழமை எனக்கு வேறு வீடுகள் இருந்தன. சிஸ்டர் அவற்றை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, "நீங்க அங்கயே இருங்க மேடம்" என்றார். துண்டை நான் துவைக்க விடவில்லை. முறுக்கு நின்றுபோன இடத்தில் ஒரு ஊக்கு குத்தி வைத்தேன். காலை முழுக்க அசைவில்லை. மத்தியானம் செல்வி என்னைக் கஞ்சி குடிக்கக் கூப்பிட்டாள், எனக்கு இறங்கவில்லை. நாலு மணி இருக்கும். எதிர்வீட்டுத் தறிச் சத்தம் ஓய்ந்து மறுபடி தொடங்கிய நேரம். கன்னியம்மா கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க உட்டேன்?" என்றார்.

ஊக்கைக் கழற்றி, துண்டின் ஓரத்தை அவர் விரலுக்கு நடுவில் வைத்தேன். "இங்கம்மா. நான்தான் ஊசி போட்டுட்டேன். தெரியாம பண்ணிட்டேன்."

"அதான் இடையில இருட்டிக்கிச்சு" என்றார், மின்சாரம் போய் வந்ததைச் சொல்வதுபோல. பிறகு விரல் நுனியைத் தேய்த்துப் பார்த்தார். "வழுக்குதே. சாம்பல் இல்லியா?"

செல்வி ஓடிப்போய்ப் பூஜை மாடத்திலிருந்து விபூதி கொண்டுவந்தாள். தொட்டு முகர்ந்தவர் முகம் சுளித்தார். அத்தனை நாளில் அவர் முகம் சுளித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "கோயில் துண்ணூறு. மணக்குது பாரு. இது நெத்திக்கு ஆவும், நூலுக்கு ஆவாது. அடுப்புச் சாம்பல் கொண்டா."

எல்லோர் வீட்டிலும் காஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்கே போவது? நாலு வீடு தள்ளி ஒரு சாயப் பட்டறை, விறகு எரித்துக் கொப்பரையில் பட்டுக்குச் சாயம் காய்ச்சுகிற இடம். வெள்ளைக் கோட்டோடு அங்கே போய் நின்று, ஒரு கை சாம்பல் வேண்டும் என்றேன். கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கா?" என்றார். "பாவு புணைக்க" என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் அள்ளிக் கொடுத்தார். திரும்பி வந்து, காயத்துக்கு வைத்திருந்த சுத்தமான மெல்லிய கட்டுத்துணியில் கட்டிச் சலித்தேன். சாம்பல் புதனன்று வருஷா வருஷம் நெற்றியில் சாம்பல் வாங்கியிருக்கிறேன். இன்னொருத்தர் கைக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

கன்னியம்மா தொட்டுப் பார்த்து, "ம்" என்றார். விரல்கள் தொடங்கின.

அன்றைக்குத்தான் நான் சிஸ்டரைப் போல உட்கார்ந்தேன். தரையில், குனிந்து, பேசாமல். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் முணுமுணுப்பு என் காதில் வார்த்தையாக விழுந்தது. ஒவ்வொரு உருட்டுக்கும் ஒரே வார்த்தை.

"நல்லாரு." அடுத்த இரண்டு நூல். "நல்லாரு." அடுத்தது. "நல்லாரு."

"யாரைம்மா சொல்றீங்க?" என்றேன்.

"கட்டிக்கிறவங்கள." விரல் நிற்கவில்லை. "யாரோ ஒரு பொண்ணு கட்டிக்கப் போவுது இல்ல."

"யாருன்னு தெரியுமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் புணைச்சுட்டுப் போயிடுவேன். புடவையக் கூட பாக்க மாட்டேன்."

"எல்லா இழைக்கும் சொல்வீங்களா?"

"சொல்லாட்டி இழை உட்டுப் பூடும்மா." எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற மாதிரி பார்த்தார். "சொல்லிக்கினே வந்தா உடாது."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு பாவுக்கு நாலைந்தாயிரம். இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு. நாற்பது வருஷம். பாதியில் விட்டுவிட்டேன். எண்ணிக்கை என் புத்திக்குள் அடங்கவில்லை. எந்த ஊர் மண்டபத்திலோ மணையில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத பெண்ணின் உடம்பைச் சுற்றி அத்தனை ஆயிரம் 'நல்லாரு'. அவளுக்கும் தெரியாது, அவளைப் பெற்றவளுக்கும் தெரியாது. அப்படி எத்தனை பெண்கள்! கடற்கரையில் முதல் தடவை நின்றபோது எனக்கு ஏற்பட்ட பிரமிப்புதான் அப்போதும் ஏற்பட்டது. இந்தப் பெண்மணிக்காகப் பாவப்பட்டு நான் வேண்டிக்கொண்டதை நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

என் கல்யாணத்துக்கு அம்மா இந்த ஊரில்தான் வெள்ளைப் பட்டு எடுத்தாள். "வெள்ளைப் பாவு புணைச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"வேதக்காரங்க கல்யாணத்துக்கா? எத்தினியோ. வெள்ள இழை கண்ணுக்கே தெரியாது. அதுக்கு ரெண்டு தடவ சொல்வேன்."

சாம்பலை அவர் விரலுக்குக் கிட்டே நகர்த்தி வைத்தேன்.

அன்று படிவத்தை எடுத்து மூன்று கட்டத்திலும் நான் எழுதியிருந்ததை அடித்தேன். புதிதாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நம்பிக்கை இல்லை என்றவரிடம் நான் கண்டதை எந்தக் கட்டத்தில் போடுவது? காபியை அடித்ததுகூடத் தப்பாகத் தோன்றியது. வெறுமனே விட்டுச் சிஸ்டரிடம் நீட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வெற்றிடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். ரம்யா, உன் மொபைல் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை என்றால் போகாமலே இருக்கட்டும். நீ அங்கேயே கொஞ்சம் உட்காரு. ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கன்னியம்மா சனிக்கிழமை விடிந்ததும் போனார், தம்பி பக்கத்தில் இருந்தான். அதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் துண்டின் ஓரம் முடிவுக்கு வந்தது. கடைசி இரண்டு நூல், நல்லாரு. அப்புறம் பார்த்தால், மூலையில் ஒரு நூல் மிச்சம். ஒற்றைப்படை. சேர்க்க ஜோடி இல்லை. கன்னியம்மா அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தடவினார். அவருக்கு மூச்சு இளைத்தது. விட்டுவிடுங்கள் அம்மா என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

அவர் கை தடவிக்கொண்டே வந்து, பாயின் ஓரத்தில் ஊன்றியிருந்த என் கைமேல் பட்டது. மணிக்கட்டைத் தடவியது. என் கோட்டின் கை விளிம்பில் தையல் விட்டு ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்துவிட்டார். என் கையைத் தன் பக்கம் இழுத்து, சாம்பலைத் தொட்டு, துண்டின் நூலையும் என் நூலையும் நுனிக்கு நுனி வைத்தார். ஒரு உருட்டு. சரியாக வரவில்லை. மறுபடி ஒரு உருட்டு. பிடித்துக்கொண்டது.

பிறகு தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருஷமாக முகம் தெரியாதவர்களுக்கே சொல்லி வந்ததை, ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லாரு."

விரல்கள் ஓய்ந்தன. தூங்கிப்போனார், மருந்தில்லாத தூக்கம். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. சிஸ்டர் உள்ளே வந்து, என் கையையும் துண்டையும் பார்த்தார், நடுவில் இருந்த நூலையும் பார்த்தார். வேனை நிறுத்தச் சொல்லி டிரைவருக்குக் குரல் கொடுத்தார். அப்படியே எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அசையாத, பேட்டி" என்றார்.